எச் சுட்டெண் எத்தனை, டொக்டர்?
வாசகர் கேள்வி – பதில்

ஆய்வுக் கட்டுரை, மேற்கோள், சுட்டெண் என்ற சொற்களெல்லாம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகச் சுவருக்குள்ளேயே கிடந்தன. இப்போது சந்தியில் கட்டும் பெனர் வரை வந்துவிட்டன. மேற்கோள் என்பது ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகச் சுட்டுவது; சுட்டெண் அதை எண்ணிப் போடும் புள்ளி. மருத்துவ ஆய்வாளர்களின் வெளியீடுகளை எப்படி எடைபோடுவது என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதவி, ஊர் தவிர வேறு அடையாளம் எதையும் நாங்கள் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கட ஊர்ப் பேராசிரியர் ஒருவரை “உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகளில் ஒருவர்” என்று வாழ்த்திப் பெனர் கட்டியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டமாம். உண்மையா?
– வாசகர், கல்முனை

பதில்: பட்டியல் உண்மை. பட்டம் என்பது பெனர் எழுதியவரின் கைச்சரக்கு. ஸ்டான்ஃபோர்ட் இதற்காக யாருக்கும் விருதோ சான்றிதழோ கொடுப்பதில்லை. அங்கே மருத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜோன் அயோனிடிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தை வைத்து ஒரு பெரிய அட்டவணை தயாரித்து, 2019இல் பிளொஸ் பயோலஜி என்ற சஞ்சிகையில் அதை விளக்கி எழுதினார்கள். அதன் பிறகு புதுப்பித்து வருகிறார்கள். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. எக்செல் கோப்பாக யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

அட்டவணையில் ஒருவருடைய இடம் ஆறு எண்களைச் சேர்த்த கூட்டுப் புள்ளியால் முடிவாகிறது. மொத்த மேற்கோள், எச் சுட்டெண் (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம்), இணை ஆசிரியர்களின் தொகைக்கு ஏற்பத் திருத்திய எச் சுட்டெண் ஆகியவை முதல் மூன்று. மற்ற மூன்றும் ஆசிரியர் வரிசையில் அவர் நின்ற இடத்தைப் பார்க்கின்றன: தனியாக எழுதியவற்றுக்குக் கிடைத்த மேற்கோள், தனியாக அல்லது முதல் ஆசிரியராக எழுதியவற்றுக்குக் கிடைத்தது, தனியாக, முதலாவதாக அல்லது கடைசியாக நின்றவற்றுக்குக் கிடைத்தது. ஆகவே 200 பேர் பெயர் போட்ட கட்டுரையில் நடுவில் நின்றவருக்கு இது அவ்வளவாக உதவாது. வெறும் எச் சுட்டெண்ணை விட இந்த ஏற்பாடு நல்லது என்பதே எங்கள் கருத்து.

பெனரில் ஒருபோதும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அட்டவணை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமானது. மற்றது ஒரேயொரு ஆண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கானது. ஓராண்டு அட்டவணையில் இருப்பவர் வாழ்நாள் அட்டவணையில் இல்லாமல் இருக்கலாம். அடுத்த பேராசிரியருடன் ஒப்பிட முன்னர் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வருட வெளியீடு, எந்த அட்டவணை, எந்த உபதுறை? அறிவியலை 174 உபதுறைகளாகப் பிரித்து, அந்தந்த உபதுறைக்குள் முதல் 2 வீதத்தில் வருபவர்களையும் சேர்த்துக்கொள்வதால் “உலகின்” என்ற சொல் கொஞ்சம் அகலமாகிவிடுகிறது. சுய மேற்கோளை, அதாவது தன் கட்டுரையைத் தானே சுட்டியதை, சேர்த்தும் நீக்கியும் தனித்தனி நிரல்கள் உண்டு. 2024 வெளியீட்டிலிருந்து, பிழையோ முறைகேடோ காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்ற நிரலும் வந்திருக்கிறது. பெனர் கட்டுபவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் மருத்துவ பீட மாணவன். ஒரே விரிவுரையாளருக்குக் கூகுள் ஸ்கொலரில் எச் 9 என்கிறது, ஸ்கோபஸில் 5, வெப் ஒஃப் சயன்ஸில் 4. எது சரி? இதைக் கையால் கணக்கிட முடியுமா?
– மாணவர், களுவாஞ்சிகுடி

பதில்: கையால் கணக்கிடலாம் தம்பி, இரண்டு நிமிட வேலை. ஒன்பது கட்டுரை எழுதிய ஒருவருக்குக் கிடைத்த மேற்கோள்களைப் பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்குங்கள்: 41, 22, 13, 9, 6, 5, 3, 1, 0. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். மேற்கோள் எண் வரிசை எண்ணுக்குச் சமமாகவோ கூடவோ இருக்கும் கடைசி வரிதான் எச். ஐந்தாவது வரியில் 6 இருக்கிறது, நிற்கும். ஆறாவதில் 5தான் இருக்கிறது, நிற்காது. ஆக எச் 5. ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. அவர் மனதில் இருந்தது பௌதிகவியல். மருத்துவத்துக்குப் பிறகுதான் இழுத்து வரப்பட்டது.

அதே ஒன்பது எண்களை இன்னும் கொஞ்சம் பாருங்கள். கூட்டுத்தொகை 100. சராசரி 11க்குச் சற்றுமேல். நடுவில் நிற்கும் எண்ணோ 6தான். முதல் கட்டுரை 41க்குப் பதிலாக 4,100 மேற்கோள் பெற்றிருந்தாலும் எச் 5ஐ விட்டு அசையாது. ஆறாவது கட்டுரைக்கு ஒரேயொரு மேற்கோள் கூடினால் உடனே 6 ஆகிவிடும். சுய மேற்கோள் போடும் ஆசை எங்கே பிறக்கிறது என்று இப்போது விளங்கும்: பெரிய கட்டுரைக்குப் போட்டுப் பயனில்லை, வாசற்படியில் நிற்கும் கட்டுரைக்குப் போட்டால் சுட்டெண் ஏறும். ஒருவரின் புதிய கட்டுரைகள் தலைப்புக்குப் பொருந்தாமல் அவருடைய அந்த ஒன்றிரண்டு பழைய கட்டுரைகளையே திரும்பத் திரும்பச் சுட்டினால், தெரிந்தே செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எது சரி என்றால், மூன்றும் சரி. எண்ணிய வயல் வேறு. ஸ்கொலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், முன்பதிப்பு என்று அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ் தான் தெரிவுசெய்த வெளியீடுகளிலிருந்து வரும் மேற்கோளை மட்டும் எண்ணும். வெப் ஒஃப் சயன்ஸின் மூலத் தொகுப்பு இன்னும் ஒடுக்கமானது. இலங்கைச் சஞ்சிகைகள் பல ஸ்கொலரில் இருக்கும், மற்ற இரண்டிலும் இருக்காது. நமது விரிவுரையாளர்களுக்கு இடைவெளி பெரிதாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம். இருவரை ஒப்பிடும்போது ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்த எண்ணை வையுங்கள். முதல் கட்டுரை வெளிவந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்து வருடம் எழுதியவரின் 9ம் முப்பது வருடம் எழுதியவரின் 9ம் ஒன்றல்ல.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பதினொரு கட்டுரைகளில் எனது பெயர் வந்திருக்கிறது. ஸ்கோபஸில் தேடினால் நான் மூன்று ஆளாக நிற்கிறேன்: ஒருவருக்கு 6 கட்டுரை, ஒருவருக்கு 3, ஒருவருக்கு 2. பதவியுயர்வு விண்ணப்பம் நெருங்குகிறது. என்ன செய்யலாம்?
– விரிவுரையாளர், ஏறாவூர்

பதில்: வஅலைக்கும் ஸலாம். எங்களுக்கு வந்த கடிதங்களில் அரைவாசி இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வெளிநாட்டுப் படிவங்கள் எல்லாருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிச் செய்யப்பட்டவை. நமக்கு இல்லை. தமிழருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். தகப்பன் தம்பிப்பிள்ளை, மகள் வதனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் போனால் அவர் “தம்பிப்பிள்ளை வீ.”, இன்னொன்றில் “வதனி ரீ.”. கலியாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்தை வைத்தால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். வதனி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து வீயா டபிள்யூவா, கடைசி எழுத்து வையா ஐயா என்பது தனிக்கதை.

முஸ்லிம் பெயர்களில் முதலெழுத்துகள் கூட. ஏ.எல்.எம். என்று கையெழுத்து வைப்பவரின் ஏ.எல். பெரும்பாலும் அகமதுலெவ்வை போன்ற ஒரே பெயரின் இரண்டு துண்டு. படிவத்தில் அதை ஒரே சொல்லாக எழுதினால் தரவுத்தளம் முதல் எழுத்தை மட்டும் எடுக்கும். ஏ.எல்.எம். அங்கே ஏ.எம். ஆகிவிடுவார். “முகம்மது” குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்: உலகம் முழுவதிலுமுள்ள முகம்மதுகளுக்குள் உங்களைத் தேட வேண்டும்.

இனி எழுதப்போகும் கட்டுரைகளுக்கு எங்கள் ஆலோசனை இது. குடும்பப் பெயர்ப் பெட்டியில் உங்களை அழைக்கும் சொந்தப் பெயரைப் போடுங்கள். மற்றப் பெட்டியில் முதலெழுத்துகளை இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போடுங்கள். நம் ஊரில் பெயர் எழுதும் முறையோடு பொருந்துவதால் மறக்காது. ஏற்கெனவே பெரும்பாலான கட்டுரைகள் வேறு வடிவில் வந்திருந்தால் அந்த வடிவத்தையே தொடருங்கள். அழகான வடிவத்தை விட மாறாத வடிவமே பெரிது. கட்டுரையை அனுப்பும் சகபாடிக்கு வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். எழுத்துப் பிழை அதிகம் நுழைவது அனுப்புபவர் மற்றவர்களின் பெயரை நினைவிலிருந்து அடிக்கும்போதுதான்.

அடுத்தது ஓர்கிட் எண்: பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஓர் ஆய்வாளரை அடையாளங்காட்டும் எண். 2012இல் தொடங்கிய இலவச ஏற்பாடு. நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்கம், கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம். பதியும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேருங்கள். வேலை மாறி அந்த மின்னஞ்சல் மூடப்பட்டால் கடவுச்சொல்லை மீட்க வேறு வழி இருக்காது. பிறகு அதையே மறந்து இரண்டாவது எண் எடுப்பவர்கள் உண்டு; அது பழைய சிக்கலையே புதிதாகத் தொடங்குவது. “வேறு பெயர்கள்” என்ற இடத்தில் இதுவரை அச்சான எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். ஓர்கிட் தானாக நிரம்பாது. கட்டுரை அனுப்பும்போது எண்ணைத் தட்டச்சு செய்வதோடு நில்லாமல், ஓர்கிட்டுக்குள் உள்நுழைந்து இணையுங்கள். கட்டுரை வெளிவந்ததும், கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யைப் பதியும் குரொஸ்றெஃப் நிறுவனம் உங்கள் பதிவேட்டில் சேர்க்க அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பும். ஒருமுறை சம்மதித்தால் பிறகு வருபவை தாமாகச் சேரும்.

மூன்று ஆளை ஒன்றாக்க ஸ்கோபஸுக்குச் சந்தா தேவையில்லை. இலவச ஆசிரியர் தேடலில் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, உங்களுடைய மூன்று பதிவுகளையும் தெரிந்து, ஆசிரியர் திருத்த வழிகாட்டியில் ஒன்றாக்கக் கேளுங்கள். உங்களுடையது அல்லாத கட்டுரை உள்ளே கிடந்தால் அதே இடத்தில் கழற்றிவிடலாம். கழற்றத்தான் வேண்டும், அதற்கு எவ்வளவு மேற்கோள் இருந்தாலும். அன்றே நடக்காது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே தொடங்குங்கள். முடிந்ததும் அந்த எண்ணை ஓர்கிட்டுடன் இணையுங்கள்.

கூகுள் ஸ்கொலரில் தவறு எதிர்த் திசையில் வரும். இங்கே மற்றவர்களின் கட்டுரைகள் உங்கள் கணக்கில் ஏறும். புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் தெரிவை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும் தெரிவை வையுங்கள். ஒரே கட்டுரை இரண்டு தலைப்பாக நின்றால் இரண்டையும் தெரிந்து ஒன்றாக்குங்கள்.

நிறுவனத்தின் பெயரும் இதே பாடு படுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரை நாட்டின் பெயர் இல்லாமல் எழுதினால், டாக்காவிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் அதே பெயரில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு டாக்காவிலும் சீனாவின் நான்ஜிங்கிலும் புளோரிடாவிலும் பெயர் ஒத்த உறவினர்கள் இருக்கிறார்கள். பீடம், பல்கலைக்கழகம், ஊர், நாடு நான்கையும் முழுதாக எழுதுங்கள். போதனா வைத்தியசாலையிலும் பணியாற்றுபவர்கள் இரண்டு நிறுவனங்களையும் தனித்தனி வரியில் போடலாம்.

கேள்வி: போதனா வைத்தியசாலையில் மருந்துப் பரிசோதனை ஆய்வு ஒன்றை முடித்துவிட்டோம். பதிவேட்டில் பதியவில்லை. இப்போது பதிந்தால் சஞ்சிகைகள் ஏற்குமா?
– வைத்தியர், மட்டக்களப்பு

பதில்: ஆய்வின் திட்டத்தைப் பொதுவில் வைக்கும் பதிவேட்டில், முதல் நோயாளியைச் சேர்க்க முன்னர் பதிந்திருக்க வேண்டும். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 யூலை முதல் இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. அந்த விதியைப் பின்பற்றும் சஞ்சிகைகள் கதவை மூடிவிடும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருந்துப் பரிசோதனைப் பதிவேடு 2006 முதல் இயங்குகிறது. பிந்திப் பதிந்தால் பிந்திப் பதிந்தது என்று அங்கேயே தெரியும். அதை மறைக்காமல், காரணத்தோடு கட்டுரையில் எழுதி, ஏற்கும் சஞ்சிகையைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது என்பது பதிவுக்குப் பதிலாகாது. இரண்டும் வெவ்வேறு.

கேள்வி: ஒரு சஞ்சிகையிலிருந்து எனது பழைய கட்டுரையைப் புகழ்ந்து மின்னஞ்சல் வந்தது. 48 மணி நேரத்தில் ஏற்பு, கட்டணம் 150 டொலர், இம்பெக்ட் ஃபெக்டர் 6.8 என்கிறார்கள். பப்மெட்டில் இருக்கிறதாம். அனுப்பலாமா?
– வைத்தியர், அக்கரைப்பற்று

பதில்: அனுப்ப வேண்டாம். இப்படி வரும் அடுத்த கடிதத்தை நீங்களே சோதிக்கும் விதத்தைச் சொல்கிறோம்.

இம்பெக்ட் ஃபெக்டர் எனப்படும் தாக்கக் காரணி கிளாரிவேட் நிறுவனம் வருடாவருடம் யூன் மாதத்தில் வெளியிடும் எண். கணக்கு எளிது. ஒரு சஞ்சிகை 2022இல் 60 கட்டுரையும் 2023இல் 40 கட்டுரையும் வெளியிட்டு, அந்த 100 கட்டுரைக்கும் 2024இல் 250 மேற்கோள் வந்தால், 2024க்கான காரணி 2.5. அதே பெயருக்கு முன்னால் “உலகளாவிய”, “அறிவியல்” என்று ஏதாவது ஒட்டி வேறு கொம்பனிகள் விற்கும் எண்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உண்மையான காரணியும் சஞ்சிகைக்கு உரியது, உங்கள் கட்டுரைக்கு உரியதல்ல. ஓரிரண்டு கட்டுரைகள் மேற்கோளில் பெரும்பங்கைத் தூக்கிக்கொண்டு நிற்க, மற்றவை அதன் நிழலில் இருக்கும்.

“பப்மெட்டில் இருக்கிறது” என்பதும் வழுக்கும் பேச்சு. பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி பெற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரையை பப்மெட் சென்றல் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். அதனால் தரமற்ற சஞ்சிகையில் வந்த ஒன்றிரண்டும் பப்மெட் தேடலில் தலைகாட்டும். பப்மெட்டுக்குள் தெரிவுசெய்த சஞ்சிகைகளை மட்டும் கொண்ட பகுதியான மெட்லைனில் சஞ்சிகை சேர்க்கப்பட்டதா என்பதே கேள்வி. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் சஞ்சிகைப் பெயரைத் தேடினால், இப்போது மெட்லைனில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரியில் போட்டிருக்கும். ஸ்கோபஸில் இருக்கிறது என்றால் அதன் மூலப் பட்டியலில் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். இடையில் நீக்கப்பட்ட சஞ்சிகைகள் பழைய ஆண்டுகளைக் காட்டியே ஆள் பிடிக்கும். நல்ல சஞ்சிகையின் பெயரைத் திருடி வேறு இணையத்தளம் நடத்துபவர்களும் உண்டு. ஐ.எஸ்.எஸ்.என். (சஞ்சிகைக்குரிய அடையாள எண்) இணையவாசலில் எண்ணைத் தேடி முகவரியை ஒத்துப் பாருங்கள். அந்த எண் எவருக்கும் கிடைக்கும், தரச் சான்றல்ல. மேலும் சந்தேகமிருந்தால் திறந்த அணுகல் சஞ்சிகைகளின் பட்டியலான டோஜில் தேடுங்கள்.

கட்டணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. நல்ல திறந்த அணுகல் சஞ்சிகைகள் 1,000 டொலருக்கு மேலேயும் வாங்குகின்றன. பலவற்றில் வருமானம் குறைந்த நாடுகளுக்குக் கழிவோ முழு விலக்கோ உண்டு. அதைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றபிறகு கேட்டால் மறுப்பார்கள். 1887இலிருந்து வரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலும், தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இலங்கைச் சஞ்சிகைகள் இணையவாசலில் உள்ள மற்றவையும் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு: காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்து வைக்காமல், மீளப் பெறுவதாக உடனே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் சேமியுங்கள். பதில் வரும்வரை வேறு சஞ்சிகைக்கு அனுப்பினால் இரட்டை அனுப்பல் என்ற குற்றச்சாட்டு வரும். அவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டால் வேறு நல்ல சஞ்சிகை அந்தத் தரவைத் தொடாது. இரண்டு வருடம் வோட்டில் சேர்த்த தரவு அங்கேயே புதைந்துபோகும். 150 டொலரை விட அந்த நட்டம்தான் பெரிது.

கேள்வி: ஆய்வுக்காக நோயாளிகளிடம் விபரம் எடுத்தது, இரத்த மாதிரி சேர்த்தது, ஆறு மாதம் தொலைபேசியில் பின்தொடர்ந்தது எல்லாம் நான். கட்டுரையில் என் பெயர் நன்றியுரையில் மட்டும். ஆய்வில் கைவைக்காத பிரிவுத் தலைவரின் பெயர் கடைசி ஆசிரியராக இருக்கிறது. இது முறையா?
– தாதி உத்தியோகத்தர், ஆரையம்பதி

பதில்: தலைவரின் பெயர் முறையில்லை. உங்கள் பெயர் பற்றி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன சஞ்சிகை ஆசிரியர் குழு ஆசிரியத்துவத்துக்கு நான்கு நிபந்தனை வைக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியது அல்லது கருத்தோடு திருத்தியது, இறுதி வடிவத்தை அங்கீகரித்தது, எழுதியதற்குப் பொறுப்பேற்றது. நான்கும் வேண்டும். வழமையான கடமையாக இரத்தம் எடுத்துக் கொடுத்தது முதலாவதில் அடங்காது. ஆறு மாதப் பின்தொடரலை நடத்தியது அடங்கும். ஆனால் இரண்டாவது நிபந்தனையில் உங்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, “நீங்கள் எழுதவில்லையே” என்று கழிக்க முடியாது: முதலாவதைப் பூர்த்தி செய்தவருக்கு வரைவைத் திருத்தும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. கட்டுரை பற்றிச் சஞ்சிகையோடு பேசும் தொடர்பு ஆசிரியருக்கு அந்த விதியைச் சுட்டி எழுதுங்கள். கட்டுரை வெளிவர முன்னரென்றால் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்டால் பெயர் சேர்க்கலாம். வெளிவந்தபின் திருத்த அறிவித்தல் வேண்டும்; கடினம்.

அடுத்த ஆய்வில் முதல் நோயாளிக்கு முன்னரே ஒரு பக்கத் தாளில் யார் யார், என்னென்ன வேலை, எந்த வரிசை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பங்களிப்பை 14 வகையாகப் பிரித்த கிரெடிட் என்ற பட்டியல் இருக்கிறது. அதையே மாதிரியாக வைக்கலாம்.

கேள்வி: மேற்கோள் கூடினால் கட்டுரை நல்லது என்றுதானே அர்த்தம்?
– வாசகி, ஓட்டமாவடி

பதில்: இல்லை. அன்ட்றூ வேக்ஃபீல்ட் 1998இல் லான்செட்டில் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு எழுதிய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. மருத்துவ உலகில் அது பெருமளவு மேற்கோள் காட்டப்பட்ட ஒன்று, பெரும்பாலும் மறுப்பதற்காக. எண்ணுகிற இயந்திரத்துக்கு மறுப்பும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். இன்னொரு பக்கம், 3 இலட்சத்துக்கு மேல் மேற்கோள் பெற்று உலகிலேயே முன்னணியில் நிற்பது 1951இல் வந்த, புரதத்தை அளக்கும் லௌறியின் செய்முறைக் கட்டுரை. ஆய்வுகூடத்தில் அந்த முறையைப் பாவித்தவரெல்லாம் கடமைக்கு ஒரு மேற்கோள் போட்டார்கள்.

கேள்வி: எங்கள் பகுதி வயல் வேலை செய்பவர்களிடம் காணும் மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியாத் தொற்று பற்றி எழுதுகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று மேற்கோள்தான் வருகிறது. இதய நோய் எழுதும் நண்பருக்கு நூறு வருகிறது. தலைப்பை மாற்றவா?
– ஆய்வாளர், வாழைச்சேனை

பதில்: மாற்ற வேண்டாம், அளவுகோலை மாற்றுங்கள். மேற்கோள் என்பது அந்தத் துறையில் எழுதும் கைகளின் தொகையைப் பொறுத்தது. இதய நோய்க்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள். ஈர மண்ணிலும் வெள்ளத்திலும் வாழும் மெலியோய்டோசிஸ் பக்டீரியாவுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை. இலங்கையில் முதல் நோயாளி பற்றி 1927இலேயே எழுதப்பட்டும், நெடுங்காலம் இங்கே யாரும் தேடவில்லை. 2016இல் நேச்சர் மைக்ரோபயோலஜியில் வந்த மதிப்பீடு உலகில் வருடத்துக்குச் சுமார் 165,000 நோயாளிகள், 89,000 மரணங்கள் என்றது. அப்படியான மதிப்பீடுகள் ஊர் ஊராக வந்த சிறிய அறிக்கைகளைக் கூட்டித்தான் கட்டப்படுகின்றன. மேற்கோள் பெரிய கட்டுரைக்குப் போகும், செங்கல் உங்களுடையது.

துறைக்கு ஏற்பத் திருத்திய எண்கள் இரண்டு உண்டு. ஸ்கோபஸ் தரும் துறை நிறை மேற்கோளில் 1.00 என்பது உலகச் சராசரி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் இலவசம். உங்கள் கட்டுரைகளின் பப்மெட் எண்களை வரிசையாக ஒட்டினால் ஒவ்வொன்றுக்கும் சார்பு மேற்கோள் விகிதம் வரும்; அந்த நிறுவனம் நிதி கொடுத்த கட்டுரைகளின் நடு எண் அங்கே 1. பப்மெட்டில் இல்லாத கட்டுரைக்கு வராது. மிகப் புதிய கட்டுரைக்கும் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

மற்றவர்கள் உங்கள் தரவை எடுத்துப் பாவிக்க உதவும் விஷயங்களில் கவனம் வையுங்கள். தலைப்பிலோ சுருக்கத்திலோ மட்டக்களப்பு, இலங்கை என்று ஊரும் நாடும் இருக்கட்டும். பக்டீரியாவை எந்த முறையால் உறுதிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை பேரைச் சோதித்து எத்தனை பேரில் கண்டீர்கள் என்ற இரண்டு எண்ணையும் தாருங்கள். கண்ட தொகை மட்டும் இருந்து சோதித்த தொகை இல்லாத அறிக்கையைத் தொகுப்பாய்வு செய்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். நீரிழிவு உள்ளவர்கள் எத்தனை பேர், எந்த மாதம் என்பதையும் அட்டவணையில் தாருங்கள். இந்த நோயில் முதலில் தேடப்படும் விபரங்கள் இவை.

கேள்வி: நேர்முகப் பரீட்சைக்கு வெளியீட்டு விபரத்தை எப்படி எழுதுவது?
– விரிவுரையாளர், சம்மாந்துறை

பதில்: உங்கள் பதவிக்குரிய சுற்றறிக்கையின் படிவம் முதலில். அதற்குள் இடம் இருக்கும் அளவுக்கு இப்படிச் செய்யுங்கள். முழுக் கட்டுரை, நோயாளி அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம், மாநாட்டுச் சுருக்கம் நான்கையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி “வெளியீடு 38” என்று எழுதினால், பிரித்துப் பார்க்கும் பரீட்சகருக்கு முதல் பக்கத்திலேயே சந்தேகம் வரும். ஏற்கப்பட்டது, அனுப்பப்பட்டது இரண்டும் வெளியானவற்றோடு கலக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் டி.ஓ.ஐ. எண், ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம்.

மேற்கோளுக்கு ஒரு வரி போதும்: எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி, கட்டுரை எத்தனை, மேற்கோள் எத்தனை, சுய மேற்கோள் நீக்கி எத்தனை, எச் எத்தனை, முதல் கட்டுரை எந்த ஆண்டு. ஸ்கொலரின் எச்சையும் ஸ்கோபஸின் கட்டுரைத் தொகையையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். பிறகு உங்கள் சிறந்த ஐந்து கட்டுரைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: நீங்கள் செய்தது என்ன, அதனால் மாறியது என்ன. வோட்டில் ஒரு சிகிச்சை வழிகாட்டி மாறியிருந்தால் எழுதுங்கள். சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிட வேண்டாம் என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. எல்லாப் பரீட்சகரும் அதை வாசித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டால் காரணியைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கட்டுரையைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: போன மாதம் ஸ்கொலரில் 212 மேற்கோள். இந்த மாதம் 205. ஏழு எங்கே போனது?
– வாசகர், திருக்கோவில்

பதில்: யாரும் திருடவில்லை. ஸ்கொலர் இணையத்தை மீண்டும் மீண்டும் துழாவி எண்ணுவது. ஒரு தளம் மூடப்பட்டாலோ, இரட்டையாக நின்ற கட்டுரை ஒன்றாக்கப்பட்டாலோ எண் இறங்கும். விண்ணப்பத்தில் 212 என்று எழுதிவிட்டீர்களானால், திகதியோடு அன்றைய பக்கத்தை பி.டி.எப். ஆகச் சேமித்து வைத்திருந்தீர்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் 205 என்று திருத்திக் கொடுங்கள்.